கட்டிலின் சுவர்ப்பக்கம்

எங்கள் கரவனில் ஓர் இரட்டைக் கட்டில் உண்டு. அதன் ஒரு பக்கம் நடை, மற்றப் பக்கம் சுவர். இரவில் எழும்பி நடக்க வேண்டியவன் நான் என்பதால் நடைப்பக்கம் எனக்கு, சுவர்ப்பக்கம் மனைவிக்கு. ஈரம் வந்தது சுவர்ப்பக்கத்தில்தான்.

காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் இந்தச் சில்லு வைத்த வீட்டை வாங்கிய பிறகு நாங்கள் போன முதல் பயணத்திலேயே அது தொடங்கிவிட்டது. காலையில் அவள் தன் தலையணையை என் கையில் தந்தாள்.

"பிழிஞ்சு பாருங்கோ."

பிழியும் அளவுக்கு இல்லை. ஆனாலும் குளிர்ந்து கனத்திருந்தது. மெத்தையைத் தூக்கினேன். அடியில் ஒட்டுப்பலகை கறுத்து, மூலையில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"பழைய கரவன். கூரை ஒழுகுது. திருத்தலாம்" என்றேன்.

"திருத்துங்கோ. ஆனா இன்னொரு வெயில்காலத்துக்கும் என்ர முதுகு நனைஞ்சுதெண்டால் நீங்கள் தனியப் போங்கோ. நான் வீட்டிலை என்ர கட்டிலிலை கிடக்கிறன்."

இதை வெறும் பேச்சு என்று எடுக்க எனக்குத் துணிவில்லை. விமானத்தில் இனி ஏறமாட்டேன் என்று ஒருமுறை இப்படித்தான் அமைதியாகச் சொன்னாள். அதன் பிறகு எத்தனையோ கலியாண வீடுகளுக்கு அழைப்பு வந்தும் ஏறவில்லை. மொட்டல் கட்டிலில் படுக்கமாட்டாள், யார் யாரோ படுத்தது என்பாள். கடைச் சாப்பாடு ஒரு நேரத்துக்கு மேல் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. தன் கட்டில், தன் அடுப்பு, தன் கழிப்பறை மூன்றும் கூடவே வந்தால் மட்டும் வெளியே வருவாள். அதற்காகத்தான் கரவன் வாங்கினேன். அவள் அதிலும் ஏறமாட்டேன் என்றால், எங்கள் மிச்சக் காலம் ஓக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையும் தொலைக்காட்சியும்தான்.

ஓய்வுபெறும்வரை என் உத்தியோகம், கட்டட வேலைகளுக்கு எத்தனை பலகை, எத்தனை ஆணி என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது. அதனால் ஒழுக்கையும் கணக்காகவே தேடினேன். கூரை ஓரத்து அலுமினியப் பட்டியில் நூற்றுத் தொண்ணூற்றாறு திருகாணிகள். ஒவ்வொன்றும் தண்ணீர் புகக்கூடிய ஒரு வழி. அத்தனையையும் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, தண்ணீர் புகாமல் அடைக்கும் புதிய சீலன்ட் வைத்துத் திரும்பப் பூட்டினேன். யன்னல்கள் ஆறு, ஆறையும் சட்டத்தோடு இறக்கி ஏற்றினேன். கூரை மூடி, தண்ணீர் நிரப்பும் வாய், வெளி விளக்குகள் எல்லாம் செய்தேன். பத்தொன்பது குழாய் சீலன்ட் முடிந்தது. என் விரல்களில் ஒட்டியது மாதக்கணக்காகப் போகவில்லை. சோற்றைக் குழைக்கும்போது அதன் நாற்றம் வரும்.

மகன் ஒரு சனிக்கிழமை வந்து, ஏணியில் நின்ற என்னைப் பார்த்தான்.

"அப்பா, ஜஸ்ற் செல் இற். வித்துப்போடுங்கோ. டிரைவ்வேயிலை முழு இடத்தையும் இது பிடிச்சுக்கொண்டு நிக்குது."

"குழாயைப் பிடிச்சுக் கூரையிலை தண்ணி அடி. நான் உள்ளுக்கு நிண்டு பாக்கிறன்."

அடித்தான். நான் கைவிளக்கோடு உள்ளே முழங்காலில் இருந்து மூலை மூலையாகத் தடவினேன். ஒரு துளிகூட வரவில்லை. நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். அடுத்த பயணத்தில் சுவர்ப்பக்கம் மறுபடியும் நனைந்தது.

இப்படி ஒரு வருசம் போனது. எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். ஓக்லாந்து மழை ஒரு மணித்தியாலத்தில் நாலு பக்கத்தாலும் அடிக்கும். அதனால் எந்தப் பக்கத்துச் சுவரைச் சந்தேகப்பட்டாலும் காரணம் கிடைக்கும். சந்தேகப்பட்ட எல்லாவற்றையும் அடைத்தேன். குளிர்தான் ஈரத்தை இழுக்கிறது என்று நினைத்துக் கரவனுக்குள் வசதியும் கூட்டினேன். கூரையில் சோலர் பலகை, புதிய பற்றரி, சின்ன ஹீற்றர், மெத்தைக்குக் கீழே தடித்த ஸ்பொஞ்ச், யன்னல்களுக்கு இரட்டைத் திரை. தரையோரம் நாலும் கூரையில் மூன்றுமாக ஏழு காற்றுத் துவாரங்கள் இருந்தன. மூட வழியில்லாமல் எப்போதும் திறந்தே இருக்கும்படி செய்தவை. அவற்றால் வரும் காற்று கால்களையும் காதுகளையும் விறைக்க வைத்தது. ஏழையும் வெள்ளி நிற டேப்பால் இரட்டையாக ஒட்டினேன். ஒரு துவாரத்தின் அருகே அடைக்கக் கூடாது என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. வாசித்தேன். குளிர் தெரியாத எவனோ எழுதியிருக்கிறான் என்று அதன் மேலேயே ஒட்டினேன்.

ஜனவரியில், இங்கே நடுக்கோடையில், வடக்கே கடற்கரையோரம் ஒரு முகாமுக்குப் போனோம். புல்லெல்லாம் காய்ந்து மண்ணிறமாகியிருந்தது. குளிப்பறைக் கதவில் தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்கும்படி அறிவித்தல். வானத்தில் மழைக்கு ஒரு அறிகுறியும் இல்லை. எனக்கு உள்ளூரச் சந்தோசம். இந்தமுறையாவது தப்பினேன் என்றிருந்தது.

போன மறுநாள் காலை, அவள் என் தோளைத் தட்டினாள்.

"இஞ்சேரப்பா, இரவு மழை பெய்ததோ?"

"இல்லை."

"அப்ப இது என்ன?"

என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். நனைந்திருந்தது. மெத்தையின் ஓரமும்தான். அவள் சத்தம் போடவில்லை. எழும்பித் தன் வீட்டு உடுப்புகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயமில்லை.

"பின்னேரம்வரைக்கும் பொறும்."

"பொறுத்து?"

"எங்கையிருந்து வருதெண்டு பாக்கிறன்."

"ஒரு வருசமாப் பாக்கிறியள்."

ஆனாலும் பையைப் பூட்டாமல் வைத்தாள். அன்று முழுதும் நான் கடலைப் பார்க்கவில்லை. மரத்துக்குள் ஈரம் அளக்கும் ஒரு சிறிய மீற்றரைச் சுவரில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு கட்டிலிலேயே இருந்தேன். வெயில் ஏற ஏற ஈரம் குறைந்தது. பின்னேரம் சுவர் காய்ந்தே விட்டது. கூரையும் காய்ந்திருந்தது, சுவரும் காய்ந்திருந்தது. நான் யாரைப் பிடித்துக் கேட்பது?

இருட்ட முன்னம் அவள் சமைக்கத் தொடங்கினாள். வழக்கம்போல முதலில் ஆறு யன்னலையும் சாத்தினாள். கதவைச் சாத்தினாள். ஓர் அடுப்பில் புட்டுப்பானை, மற்றதில் வாசத்துக்கு ரம்பை இலை போட்ட தேங்காய்ப்பால் சொதி. புட்டுக்கு ஆவி வரும் நேரம் கட்டிலுக்கு மேலிருந்த யன்னல் பாலாடை போட்டதுபோல் வெளுத்தது. பிறகு அதில் முத்து முத்தாகத் துளிகள். ஒரு துளி இறங்கி இன்னொன்றோடு சேர்ந்து, சட்டத்தின் ஓரமாக ஓடி, மெத்தைக்குப் பின்னால் போய் மறைந்தது. மீற்றரைக் குத்தினேன். முள் ஏறியது.

துளி ஒன்றை விரலில் எடுத்து மணந்தேன்.

"இஞ்சை வாரும். இதை மணந்து பாரும்."

கரண்டியோடு வந்து குனிந்து மணந்தாள். "ரம்பை மணக்குது."

"ஓம்."

கரண்டியால் யன்னலைக் காட்டினாள். "அப்ப என்ர புட்டோ உங்கட கூரையை ஓட்டையாக்கினது?"

"கூரையிலை ஓட்டையே இல்லை. அதுதான் பிரச்சினை. எங்கையும் ஓட்டை இல்லை. ஆவி போக வழியில்லை. யன்னலைத் திறந்துவைச்சுச் சமைச்சால் என்ன?"

"அந்தப் பொம்பிளை உடுப்பெடுத்ததை மறந்துபோனியளோ?"

மறக்கவில்லை. எங்கள் முதல் பயணத்தில் அவள் கரவனில் செத்தல் மிளகாயும் கருவாடும் பொரித்தாள். பக்கத்துக் கூடாரத்துப் பெண் இரண்டு முறை இருமிவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே கொண்டுபோனாள். எங்களைப் பார்த்துச் சிரித்தபடிதான் எடுத்தாள். மனைவிக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து சாத்தாமல் சமைப்பதில்லை.

நான் அந்தக் கதையைத் தொட விரும்பாமல் தரையோரம் குனிந்து டேப்பின் நுனியைக் கிளப்பினேன். அவளும் குனிந்தாள்.

"இது என்ன?"

"காத்துப் போற துவாரம்."

"ஆர் ஒட்டினது?"

"குளிருக்கு."

"ஆர் ஒட்டினது எண்டு கேட்டனான்."

சாப்பிட்டு முடிந்ததும் அவள்தான் மகனுக்குத் தொலைபேசி எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, முழுவதையும் சொன்னாள். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள்போல. அவன் சிரிக்கவில்லை.

"அப்பா, ஆர் யூ ஸீரியஸ்? உள்ளுக்கு காஸ் அடுப்பு எரியேக்கை வென்ற் எல்லாத்துக்கும் டேப் அடிச்சனீங்களோ? யூ குட் ஹாவ் டைட். மூச்சடைச்சு ரெண்டு பேரும் செத்திருப்பியள்."

ஒரு வருசமாகத் தண்ணீரைத் தேடியவன் காற்றை நினைக்கவே இல்லை. அந்த இரவே ஏழு துவாரங்களையும் திறந்தேன். டேப் வந்தது, அதன் பசை வரவில்லை. நகத்தால் சுரண்டினேன், மண்ணெண்ணெய்யால் துடைத்தேன், இன்றைக்கும் கையை வைத்தால் ஒட்டுகிறது. ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டுவதையும், ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாததையும்தான் விற்கிறார்கள்.

துவாரம் திறந்தால் மட்டும் போதாது. புட்டும் வெளியே போக வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அந்தப் பூட்டாத பையைப் பூட்டிவிடுவாள். அடுத்த நாள் மத்தியானம், மெல்லத் தொடங்கினேன்.

"நாலு நாளைக்குப் பாணும் பட்டரும் சாப்பிட்டால்…"

"பாண் தின்னவோ இவ்வளவு தூரம் வந்தனான்?"

"அப்ப வெளியிலை வைச்சு…"

"இவ்வளவு ஆக்களுக்கு முன்னாலையோ?"

பின்னேரம் நான் குளித்துவிட்டு வர, கரவனின் பின்பக்கம், வேலியைப் பார்த்தபடி, அவசரத்துக்கென்று வைத்திருந்த எங்கள் சிறிய காஸ் அடுப்பு புல்லில் இருந்தது. அதன்மேல் புட்டுப்பானை. அவள் மடிப்பு ஸ்ரூலில் முழு முகாமுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் கட்டில் விரிப்பைத் தூக்கி என்னிடம் எறிந்தாள்.

"இதைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

இரண்டு கையையும் விரித்து விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடற்காற்று அதைப் பாய்மரம்போல் ஊத, கை கடுத்தது. கையை ஒருமுறை இறக்கினேன்.

"அசையாதையுங்கோ."

"கை நோகுது."

"என்ர முதுகு ஒரு வருசம் நொந்தது."

மிளகாய் பொரிந்த நேரம் எங்கோ ஒருவர் இருமினார். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அது சளி" என்றேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சளி இருமல்தான். எனக்குக் கேட்டால் தெரியும்."

தெரியாது. ஆனால் அவள் திரும்பிப் புட்டைப் பாத்திரத்தில் கொட்டினாள். அன்றிரவு துவாரங்களால் வந்த காற்று என் காதுக்குள் நேராகப் போனது. தொப்பி, அதன்மேல் மஃப்ளர், ஆனாலும் தூக்கம் வரவில்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, குறட்டை விட்டுத் தூங்கினாள்.

காலையில் எழும்பி முதல் வேலையாகச் சுவரில் உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தடவினாள். தலையணையைத் தொட்டாள். மெத்தை ஓரத்தை இரண்டு விரலால் நசித்தாள். பையிலிருந்த உடுப்புகளை எடுத்து அலமாரித் தட்டில் திரும்ப அடுக்கினாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், மோட்டார் பாதையில் வாகனங்கள் நெருங்கி நான் எரிச்சலோடு நின்ற நேரத்தில்தான் கதைத்தாள்.

"ஈஸ்டருக்கு அந்தப் பெரிய பித்தளைப் புட்டுப்பானையைக் கொண்டுவருவம். பேரப்பிள்ளையளும் வந்தால் சின்னன் காணாது."

ஈஸ்டருக்கு வருகிறாள். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு பேசாமல் ஓட்டியிருக்கலாம். ஆனால் இந்தக் கரவனில் ஏற்றக்கூடிய பாரத்தில் ஒன்பது கிலோதான் மிச்சம் இருந்தது. சோலர், பற்றரி, ஹீற்றர் எல்லாம் சேர்ந்து மற்றதைத் தின்றுவிட்டன.

"அது எத்தனை கிலோ?"

"பானை நிறுக்கிறதுக்கோ, அவிக்கிறதுக்கோ?"

வீட்டுக்கு வந்ததும் குளியலறைத் தராசைக் கராஜுக்குக் கொண்டுபோய்ப் பானையை வைத்துப் பார்த்தேன். பதினொரு கிலோ. இரண்டு கிலோவுக்கு எதை இறக்குவது என்று கரவனுக்குள் தேடினேன். கட்டிலுக்கு அடியில், உடைக்காத அரைக் கிலோ சீலன்ட் குழாய்கள் ஐந்து இருந்தன.