பகவதி நிறுத்தச் சொல்லாத கம்ப்யூட்டர்

பகவதியின் கையிலிருந்து தோசைக் கரண்டி அடிக்கடி நழுவி விழத் தொடங்கியபோது, வெறும் அசதி என்றுதான் பிச்சையா நினைத்தார். தெற்கே, புதுக்கோட்டை என்ற சிற்றூரில் திருநெல்வேலி சாலையோரம் ஜெராக்ஸ் கடை அவருக்கு. கடைக்குப் பின்னால் வீடு. ஒரு வருஷத்துக்குள் மனைவிக்கு நடை போயிற்று, பேச்சு குழறியது. நரம்பு செத்துக்கொண்டே வரும் வியாதி, மருந்து கிடையாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

உடற்பயிற்சி கொடுக்க வரும் சுப்ரஜாதான் ஒருநாள் சொன்னாள். "அண்ணாச்சி, இந்த வியாதிக்கு மருந்து தேடுதவங்களுக்குக் கணக்குப் போட கம்ப்யூட்டர் பத்தலையாம். உலகம் பூரா ஜனங்க தங்க வீட்டுக் கம்ப்யூட்டர இரவல் கொடுக்காங்க. ஒரு சாஃப்ட்வேர் போட்டா போதும், சும்மா இருக்கிற நேரத்துல அதுபாட்டுக்கு வேல செய்யும்."

கடையிலிருந்த நாலு கம்ப்யூட்டரிலும் அன்றே போட்டார். ஆள் வராத நேரமெல்லாம் அவை இரைந்தன. கடை அடுப்படியாகக் கொதித்தது. கட்டிலில் கிடந்தபடி பகவதி அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"மருந்து எப்பங்க வரும்?"

"வந்துரும்ளா. கம்ப்யூட்டர் பெட்டி ஓடுதுல்லா."

"பொய் சொல்லாதீங்க. எனக்கு வராது. வேற ஒருத்திக்காவது வரட்டும். நிறுத்திராதீங்க."

அவர் அவள் வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டார்.

பிறகு, முகமூடி மாட்டிய மூச்சுக்கருவி இல்லாமல் அவளால் இருக்க முடியாமல் போயிற்று. அந்த மார்கழியில் விடாமல் மழை கொட்டி, குளம் உடைந்தது. காலையில் வாசலுக்கு வந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்காலைத் தொட்டது. பிச்சையா மனைவியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மாடி அறைக்கு ஓடினார். அந்த வீட்டு ஜெபசுதா மூச்சுக்கருவியைச் சுமந்து வந்தாள். கரண்ட் போயிருந்தது; கருவிக்குள் பேட்டரி உண்டு. அது தீருமுன் கரண்ட் வந்துவிடும் என்று நம்பினார்கள்.

பகவதி முகமூடியை விலக்கும்படி கண்ணால் காட்டினாள். "பெட்டி," என்றாள். "எடுத்துட்டு வாங்க."

இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில், மேசைமேல் இருந்த ஒரு கம்ப்யூட்டரை மட்டும் தலையில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். மறுபடி போனபோது கடைக்குள் நுழைய முடியவில்லை. கரண்ட் இல்லாதபோது மூச்சுக்கருவியை ஓட்டக்கூடிய இன்வெர்ட்டர் பேட்டரி மூழ்கிப் போயிருந்தது. பெட்டிக்குப் பதில் அதைத் தூக்கியிருக்கலாமே என்று அப்போது தோன்றவில்லை. இருட்டுமுன்பே மூச்சுக்கருவி நின்றபோதுதான் தோன்றியது.

அவளை நெஞ்சில் சாய்த்து உட்கார வைத்து, அவள் மூச்சை இழுக்கும்போதெல்லாம் கூடவே இழுத்தார். மறுநாள் திரேஸ்புரத்து மீனவர்கள் படகு கொண்டுவந்து ஏற்றிப் போனார்கள். நுரையீரல் முழுக்கச் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்கவேயில்லை. ஊர்ச் சுடுகாட்டிலும் தண்ணீர் நின்றதால், பாதை திறந்த பிறகு சொந்தக்காரர்கள் இருந்த உடன்குடிக்குக் கொண்டுபோய் எரித்தார்கள்.

கடையைக் கழுவி முடித்ததும், மிஞ்சிய அந்த ஒன்றை இயக்கினார். பாதியில் நின்ற கணக்குக்குக் கெடு முடிந்துவிட்டது. வேறு எங்கோ ஒரு கம்ப்யூட்டர் அதை முடித்துவிட்டது என்று திரையில் வந்தது. பிச்சையா திரும்பத் திரும்பப் படித்தார்.

"இதுக்கா அவள விட்டுட்டு இறங்குனேன்!" என்று வாய்விட்டு அழுதார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஜெபசுதா, "அணைச்சுப் போடுங்க அண்ணாச்சி. போதும்," என்றாள்.

அவர் கை சுவிட்ச் வரை போயிற்று. அதற்குள் அடுத்த கணக்கு இறங்கி ஓடத் தொடங்கிவிட்டது. சுவிட்சைத் தொடாமலே எழுந்து, சேறு காயாத தெருவில் போய் நின்றார்.