பதினொரு மாதச் சீட்டு

குடையைத் தரையில் படுக்கவைத்து, அதன் முனை தொட்ட இடத்தில் குதிகாலால் ஒரு கீறல் போட்டு, அங்கிருந்து மறுபடி குடையைப் படுக்கவைக்கிறார் செங்கல்வராயன். மொத்தம் எட்டுக் குடை. எட்டாவது குடையின் முனை கோல் கம்பத்தின் உள்பக்கத்தை முட்ட வேண்டும். ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் கம்பத்தைப் பிடுங்கி மறுபடி நடச் சொல்லிவிடுவார். குடையின் இரும்பு முனையை அரத்தால் ராவிச் சரியாக மூன்றடிக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். மழைக்கு அதை அவர் விரித்து யாரும் பார்த்ததில்லை.

“டேப்பு இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். கொட இன்னா பண்ணும்?” என்பார்.

நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்தில் நெசவாளர்களும் ரயில்வே கேங்குக்காரர்களும் சேர்ந்து நடத்தும் கால்பந்துக் கழகத்துக்கு அவர் செயலாளர். வயது ஐம்பத்துநாலு. பந்தை ஒரு தடவையும் உதைத்தவரில்லை. ஆட்டம் நடக்கும்போது கோட்டோரமாக நடந்துகொண்டே இருப்பார்; கண் தரையிலேயே இருக்கும். “பந்து கோட்டுக்கு உள்ள கீதா, வெளிய கீதா, அத்த மட்டும் பாத்தா போதும். கோலு வுழுந்தா சத்தம் வரும், தெரிஞ்சிக்கலாம்” என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

தொழில் பத்திரம் எழுதுவது. பதிவு ஆபீசுக்கு எதிரே பூவரச மரத்தடியில் சாய்வு மேஜை ஒன்றை வைத்துக்கொண்டு முப்பது வருஷமாக எழுதுகிறார். ஊரில் அவரை எல்லோரும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நெசவாளர்களின் தறிவீடுகள், வேர்க்கடலைக் கொல்லைகள், கிணறுகளில் கால் பங்கு, அரைக்கால் பங்கு என்று அந்தப் பக்கத்து மண்ணில் பாதி அவர் கையெழுத்தில் கைமாறியிருக்கிறது. அவர் மட்டும் இருபத்தேழு வருஷமாக வாடகை வீட்டில் இருக்கிறார். வீட்டுக் கதவு கீல் கழன்று ஒரு பக்கமாகத் தொங்குகிறது. “ஊரான் கம்பத்த எல்லாம் அளந்துக்கினு திரியறாரு. இந்தக் கதவ ஒரு நாளு நிமுந்து பாக்கமாட்டாரு” என்று அவர் மனைவி தாட்சாயணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். வாடகை வீட்டுக் கதவை வீட்டுக்காரன்தான் சரிபண்ண வேண்டும் என்பது அவர் கட்சி.

சொந்தம் என்ற சொல்லின் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரங்களில் எத்தனை, அண்ணன் தம்பி வெட்டுக்குத்தில் முடிந்தன என்று விரல் மடக்கிச் சொல்வார். “வாங்கனவன் அன்னியிலருந்து தூங்கமாட்டான். வாடகக்காரன் பாய சுருட்டிக்கினா எந்த ஊரும் அவன் ஊருதான்.”

கழகம் ஆடிய இடம் ரங்கையா நாயுடுவுடையது. ரயில் பாதைக்கு மேற்கே இரண்டரை ஏக்கர் மானாவாரி. சும்மா கிடக்கிறதே என்று சுதந்திரம் வந்த வருஷத்தில் ஆடிக்கொள்ளச் சொன்னார். தரையைச் சமன்செய்தார்கள், கம்பம் நட்டார்கள். பிறகு கேலரி கட்டினார்கள். அமாவாசையன்று தறி ஓட்டுவதில்லை என்பது நெசவாளர் தெருவின் வழக்கம். பதினாலு அமாவாசை, ஆணும் பெண்ணுமாக ஆற்றோரத்திலிருந்து மண் சுமந்து, கிழக்கு ஓரத்தில் ஆறு படி உயரத்துக்குக் கொட்டிக் கெட்டித்தார்கள். படியில் உட்கார்ந்தால் மேற்கே மூக்குமலை நேராகத் தெரியும். அரக்கோணத்திலிருந்தும் ரேணிகுண்டாவிலிருந்தும் ரயிலில் வந்த குழுக்கள் அந்தக் கேலரியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்ப் பேசின.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த மறு தை மாதத்தில் ரங்கையா நாயுடு கழகத்தார் கூடும் பஜனைக் கூடத்துக்கே வந்தார். சுற்றிவளைக்காமல் பேசுகிறவர்.

“ஏமய்யா, எத்தன நாளிக்கு ஊரான் நெலத்துல ஆடுவீங்க? தீஸ்கோங்க. நீங்களே வாங்கிக்கங்க. மத்தவங்களுக்குச் சொல்ற ரேட்டு ஒங்களுக்கு வேணாம்.”

டோர்னமெண்டில் மிஞ்சிய பணமும் வீட்டுக்கு வீடு போட்ட சந்தாவும் சேர்ந்தால் எட்டிவிடுகிற விலைதான். கழகத்தின் கோல்கீப்பர் தணிகாசலம் முதலில் எழுந்தான். தறிக்காரன், இடது மணிக்கட்டை இரண்டு தடவை உடைத்துக்கொண்டு இரண்டு தடவையும் புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு, மறு மாதமே கம்பத்துக்கு நடுவில் வந்து நின்றவன்.

“வாங்கிடலாம். நம்முளுதுன்னு இல்லாத எடத்துல எத்தன ஆழம் நட்டாலும் அது கல்யாணப் பந்தக்கால்தான்.”

செங்கல்வராயன் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு, கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு, நிதானமாகப் பேசினார். ஊர் எந்த ராஜ்யத்தில் இருக்கப்போகிறது என்றே தெரியவில்லை. இன்று எழுதினால் தெலுங்கில் எழுத வேண்டும். பதிவு ஆபீசுக்குப் புதிதாக வந்திருப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. கழகத்தில் இருக்கிற முப்பது பேரில் ஒருவருக்கும் தன் சொத்தின் பத்திரத்தைப் படிக்கத் தெரியாமல் அதை வாங்கலாமா?

“இன்னும் ரெண்டு வருசத்துல எல்ல தீந்துடும். நகரி மெட்ராசுக்குத்தான் போவும், அதுல இன்னா சந்தேகம். அன்னிக்கு தமிழ்ல நானே எழுதறேன், காசு வாணாம். அதுவரிக்கும் வாடகக்கி இருப்போம். அவரு நெலத்த தூக்கிக்கினா ஓடிடப் போறாரு?”

பத்தொன்பது கை அவர் பக்கம் உயர்ந்தது. தணிகாசலத்தின் பக்கம் பதினொன்று. ரைட்டர் சொன்னால் அதில் ஒரு காரணம் இருக்கும் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை.

சொந்தமாக வேண்டாம் என்று ஆனபின், வாடகையை எழுத்தில் கேட்டார் ரங்கையா நாயுடு. செங்கல்வராயன் தன் தொழிலின் முழு நேர்த்தியோடு வாடகைச் சீட்டு எழுதினார். ஒரு வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் பதிவு செய்யத் தேவையில்லை. ஆகவே பதினொரு மாதம். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. மார்ச்சில் நிலம் நிலத்துக்காரனுடையது. சீட்டில் அப்படி எழுதியிருப்பதால் மார்ச்சில் அது அப்படியே இருக்க வேண்டும் என்பதில் அவரைப்போல் பிடிவாதக்காரர் கிடையாது. பிப்ரவரி கடைசி நாள் மாலை ஆட்டம் முடிந்ததும் கடப்பாரையோடு வந்துவிடுவார். இரண்டு கோலிலும் கம்பத்தைப் பிடுங்கி, குழியை மூடி, கம்பங்களைத் தணிகாசலத்தின் வீட்டுச் சந்தில் சாத்துவார்கள். ஏப்ரல் முதல் தேதி விடிந்ததும் மறுபடி குடையோடு போய் நிற்பார். ஒரு வருஷம் மார்ச்சில் புத்தூர்க் குழு ஆட வந்தபோது, ரங்கையா நாயுடுவே “ஆடுங்கப்பா, நானா வேணாம்னேன்” என்று சொல்லியும் செங்கல்வராயன் விடவில்லை.

“சீட்டு இல்லாத மாசத்துல கால வெச்சா அது அத்துமீறல். ஆத்துல போய் ஆடுங்க.”

ஆற்று மணலில் ஆடினார்கள். தணிகாசலம் மணலில் விழுந்து விழுந்து எழுந்து, “ரைட்டரே, இந்தப் பொரண்டு பொரண்டு ஆடறதுக்கும் ஒரு சீட்டு எழுதிக் குடு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஆறு சீட்டு எழுதினார். எல்லாவற்றிலும் ‘சித்தூர் ஜில்லா’ என்று எழுதிவிட்டு, ராஜ்யத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் இரண்டங்குலம் காலியாக விட்டிருந்தார். அந்த வருஷங்களில் ஏகாம்பரகுப்பத்தில் பல காரியங்கள் அப்படி நின்றன. வீடு கட்ட நினைத்தவன் கடைக்காலோடு நிறுத்தினான். மண் வாங்குகிறவனும் இல்லை, விற்கிறவனும் இல்லை. எல்லை தீரட்டும் என்று சொன்னால் போதும். யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

எல்லை தீர்ந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ஏப்ரல் முதல் தேதியிலிருந்து திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு என்றார்கள். நகரி இருந்த இடத்திலேயே, ஆந்திராவில், இருந்தது. சில மைல் தள்ளிக் கோடு போய்விட்டது. நிச்சயமான உடனே, அத்தனை வருஷம் கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதத்தில் நிலம் தேடிப் புறப்பட்டார்கள். புது எல்லைக்கு இந்தப் பக்கம், ரயில் பாதை ஓரம், கிடங்கு கட்டத் தோதான மனைக்கு விலை நாலு மடங்காகிவிட்டது.

சித்தூரிலிருந்து வெல்ல மண்டிக்காரர் ஒருவர் வந்து ரங்கையா நாயுடுவின் நிலத்தைப் பார்த்தார். அப்போது மார்ச் மாதம் ஐந்தாம் தேதி. கம்பம் இல்லை, கோடு இல்லை. காலி நிலமாகத்தான் பார்த்தார்.

ரங்கையா நாயுடு பூவரச மரத்தடிக்கு நடந்தே வந்தார். வயசாகிவிட்டது, நிலத்தை மண்டிக்காரருக்கு விற்றுவிட்டுத் திருப்பதியில் மகனோடு போய் இருக்கப்போகிறேன் என்றார். “தீஸ்கோ தீஸ்கோன்னு அன்னிக்கே தலபாடா அடிச்சிக்கினேன். நீங்க தீஸ்கல. ஆறு வருசம் பாத்தேன் செங்கல்வராயா. என்ன குத்தம் சொல்லாதே.” பிறகு கொஞ்சம் தயங்கி, “நாலு பக்கத்து எல்லையும் அளவும் உன்னைவிட யாருக்குத் தெரியும்? நீ சொல்லு, தெலுங்குக்காரன் எழுதிக்குவான். சாட்சியும் நீயே போட்டுடு” என்றார்.

செங்கல்வராயன் மாட்டேன் என்று சொல்லவில்லை. அன்று மாலை கழகத்தார் பஜனைக் கூடத்தில் கூடினார்கள். ஆறு வருஷத்துக்கு முந்தைய கூட்டத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திட்டியிருந்தால் அவருக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். தணிகாசலம் மட்டும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“போய்ட்டு வா ரைட்டரே. போறது நல்லதுதான். ஆபீசரு கேப்பாரு இல்ல, நெலத்துல யாராவது அனுபவத்துல கீறாங்களான்னு. கழகம் கீதுன்னு ஒரு வார்த்த சொல்லிடு. பதிவு நிக்கும். கேலரி நாம கட்டனது. எங்கம்மா அதுல மண்ணு சொமந்தா. கோர்ட்டு, வக்கீலு, மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

“சீட்டு என் கையெழுத்துல கீதுடா.”

“தெரியும். பதினோரு மாசந்தான். ஒரு மாசம் பொய் சொல்லேன். எங்களுக்கோசரம்.”

பதிவு நடந்தது மார்ச் இருபத்திரண்டாம் தேதி. வராந்தாவில் தெலுங்குப் பத்திரக்காரர் எழுத, செங்கல்வராயன் நின்றபடி சொல்லிக்கொண்டு வந்தார். கிழக்கே ரயில் பாதை, மேற்கே ஏரிக்கால்வாய், வடக்கே இன்னார் கொல்லை, தெற்கே வண்டிப்பாட்டை. அளவைக் கெஜமும் அங்குலமுமாகச் சொன்னார். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கிழக்கு ஓரத்தில் உயரமாக ஒன்று இருக்கிறதாமே, அது என்ன என்று பத்திரக்காரர் கேட்டார். ரங்கையா நாயுடு வேறு பக்கம் பார்த்தார்.

“மண் மேடு” என்றார் செங்கல்வராயன்.

உள்ளே அழைத்தார்கள். படிக்கட்டுக்குக் கீழே தணிகாசலமும் ஏழெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். திறந்த ஜன்னல் வழியாக உள்ளே பேசுவது கேட்கும். அதிகாரி பத்திரத்தைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்து, நிலத்தில் வேறு யாராவது அனுபவத்தில் இருக்கிறார்களா என்று தெலுங்கில் கேட்டார். ரங்கையா நாயுடு சாட்சியின் பக்கம் திரும்பினார். மண்டிக்காரரும் பார்த்தார். அதிகாரியும் பார்த்தார்.

செங்கல்வராயன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு சொல் போதும். பதிவு நிற்கும், வழக்கு வரும். முதல் வாய்தாவிலேயே எதிர்க்கட்சி வக்கீல் ஆறு சீட்டையும் எடுத்துப் பரப்புவான். ஒவ்வொன்றிலும் கடைசி வரி அவர் எழுதியது: ‘தவணை முடிந்ததும் மனையைக் காலியாக ஒப்படைத்துவிடுகிறோம்.’ ஒப்படைத்தும் இருக்கிறார்கள், ஆறு தடவை, ஊர் பார்க்க. வக்கீலுக்குக் கொடுக்க அந்தத் தெரு தறியை விற்கும்.

“எவரும் இல்லீங்க” என்றார் தெலுங்கும் தமிழுமாக. “மார்ச் மாசம். காலியா கீது.”

ஜன்னலுக்கு வெளியே செருப்புகள் நகரும் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராகப் படியிலிருந்து விலகிப் போனார்கள்.

சாட்சி போட வேண்டிய இடத்தைப் பத்திரக்காரர் விரலால் காட்டினார். செங்கல்வராயன் பேனாவை வாங்கி, தமிழில், உருண்டையான எழுத்தில் தன் பெயரை எழுதினார். இந்த நிலத்தின் காகிதம் ஒவ்வொன்றிலும் எழுதிய பழக்கத்தில் கை நிற்காமல் கீழே ‘செயலாளர், கால்பந்து’ வரைக்கும் போய்விட்டது. அதற்குமேல் எழுதவில்லை. எழுதியதன்மேல் ஒரே நேர்கோடாக அடித்தார். பத்திரத்தில் அடித்தல் இருந்தால் அடித்தவன் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். காகிதத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு, அடித்த இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாகப் போட்டுவிட்டு, மை காயும்வரை ஊதினார்.