கப்பல் ஏறிய எபிசோடு

முந்தாநாள் சிதம்பரம் மேலவீதியில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் என் பழைய போனின் முதுகைக் கழற்றிவைத்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே ஈயம் வைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி உடைந்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய போன் அது. அம்மாவின் தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளோடு மூன்று வருஷமாகக் கிடந்தது. அக்கா கேட்டாள் என்றுதான் எடுத்துக்கொண்டு போனேன். அதற்குள் பதினோரு நிமிட வீடியோ ஒன்று இருக்கிறது. அதில் அப்பா இருக்கிறார். இப்போது அப்பா இல்லை.

"பையன் தாத்தா மொகத்தயே மறந்துட்டான்டீ. காக்கிச் சட்டையில மாலை போட்ட போட்டோவ காட்டுனா, இது யாரும்மா போலீசான்னு கேக்குறான்" என்றாள் அக்கா. அதற்காகத்தான் கேட்கிறாள் என்று நானும் நம்பினேன்.

உருகும் ஈயத்தின் வாசனை இருக்கிறதே, எனக்கு அது எங்கள் வீட்டு டிவியின் வாசனை. கீரப்பாளையத்தில் எங்கள் ஹாலில் இருந்தது இலவச டிவி. தெருவில் எல்லார் வீட்டுச் சுவரிலும் தட்டை டிவி தொங்கத் தொடங்கிய பிறகும் அது சாகவில்லை, மாமா சாகவிடவில்லை. அம்மாவின் தம்பி, டிவி மெக்கானிக். டிவி ரிப்பேர் தொழிலே படுத்து, கேமரா மாட்டுகிற வேலைக்கு மாறிவிட்டபோதும், மாதம் ஒருமுறை வந்து அதன் முதுகைப் பிரித்து ஈயம் வைத்துவிட்டுப் போவார். "மாமா, இது இன்னும் பத்து வருசம் ஓடும்" என்பார் அப்பாவிடம். "அதுக்குள்ள நீ ஓடிடாத மச்சான்" என்பார் அப்பா. அப்பா சொன்ன நகைச்சுவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று.

அப்பா சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்த்து, விசில் ஊதி அனுப்புகிற வேலை. வீட்டிலும் பேச்சு அதிகம் கிடையாது. சாப்பாடு, படிப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியம்தான்: "டைம் ஆச்சு."

இனி என் பெருமையைக் கொஞ்சம் கேளுங்கள். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் நான் ஒரு யூடியூப் சேனல் நடத்தினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு சரித்திர சீரியல் வரும். அதை என் வீட்டுக்காரர்கள் பார்ப்பதை நான் படம் பிடித்துப் போடுவேன். அடுத்தவர் டிவி பார்ப்பதைப் பார்க்க ஆள் இருக்குமா என்று கேட்டால், இருந்தது. பாதிப்பேர் எங்கள் சொந்தக்காரர்கள் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். டிவிக்குப் பக்கத்தில் எவர்சில்வர் தூக்கை நிறுத்தி, அதில் போனைச் சாய்த்துவைப்பேன். எனக்கு இரண்டு கட்டளைகள். சீரியல் ஓடும்போது, "கேமராவ பாக்காதீங்க." விளம்பரம் வந்ததும், "கேமராவ பாத்து சொல்லுங்க." ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாற்பது தடவை சொல்வேன்.

அம்மா அதை ஒருநாளும் கேட்டதில்லை. ராணி விஷம் குடிக்கும் காட்சியில், "அரிசி ஊறப்போட மறந்துட்டேன்" என்று எழுந்து போவார். மாமா நேர்மாறு. யாராவது குதிரையிலிருந்து விழுந்தாலே தலையில் அடித்துக்கொள்வார், அதுவும் கேமரா பக்கம் திரும்பி. அப்பா நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருப்பார். மூன்று மாதத்தில் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் பதிவாகவில்லை. எனக்கு அதில் வருத்தம். ஒருநாள் நீங்கள் அழவேண்டும் அப்பா என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அந்த மே மாத லீவுக்கு அக்கா பிள்ளையோடு வந்திருந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்தது கடலூர் ஓல்டு டவுனில். வரும்போதெல்லாம் தேவனாம்பட்டினத்து மீன் கொண்டுவருவாள், ஐஸ் போட்டு, பிளாஸ்டிக் பக்கெட்டில். அவள் பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே எனக்கு வாசனை வந்துவிடும் என்று கேலி செய்வேன். "வாசன புடிக்கிறவ திங்காத" என்பாள்.

அக்காவின் கல்யாணத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அவள் சிதம்பரத்தில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கூடப் படிக்கிற லால்பேட்டைப் பையன் ஒருவனிடம் பஸ் ஸ்டாண்டில் நின்று லேப் ரெக்கார்டை வாங்கினாள். கால் மணி நேரம் பேசியிருப்பாள். வேறு எங்கே நின்று பேசியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பஸ் ஸ்டாண்டு அப்பாவுடைய இடம். கண்டக்டர், டீக்கடைக்காரர், பூக்காரம்மா எல்லாருக்கும் அவள் டைம் கீப்பர் பொண்ணு. அன்று மாலைக்குள் மூன்றுபேர் மூன்று விதமாக வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அப்பா அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. என்ன ஏது என்று கேட்கவுமில்லை. ஒரு மாதத்தில் கல்யாணம். மண்டப வாசலில் கார் கிளம்பும்போது, "போற எடத்துல நல்லா இருப்ப" என்றார். ஜன்னல் கண்ணாடி ஏறிவிட்டது.

வீட்டில் அவளைக் 'கலை' என்று கூப்பிடுகிறவர் அப்பா மட்டும்தான். அம்மாவுக்கு அவள் 'பெரியவ'. எனக்கு அக்கா. புகுந்த வீட்டில் கலைவாணியின் பின்பாதியை எடுத்துக்கொண்டு 'வாணி' ஆக்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு விஷயத்துக்குப் பிறகு அப்பாவும் அந்தப் பெயரை விட்டுவிட்டார். "ஒங்க அக்கா வந்துட்டாளா?" "அவளுக்குப் போடு." அப்படித்தான்.

என்னை மட்டும் எதற்கும் தடுக்கவில்லை. கவுன்சிலிங்குக்குக் கூடவே வந்தார், போன் வாங்கிக்கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் நான் யாரோடு நின்று பேசினாலும் வேறு பக்கம் திரும்பி விசில் ஊதினார். அக்காவுக்குக் கொடுக்காமல் விட்டதையெல்லாம் எனக்குக் கொடுத்தாரோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம் அடுத்த எபிசோடுதான்.

அந்த ஞாயிறு சீரியலில் பஞ்ச காலம். வெள்ளைக்காரன் ஆட்சி. கடல் தாண்டித் தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கிற கங்காணியிடம் ஒரு அப்பன் தன் மகளை ஒப்படைக்கிறான். துறைமுகத்தில் அவள் கையில் துணி மூட்டையைக் கொடுக்கிறான். பெண் அழவில்லை. ஏணியில் ஏறிப்போகும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். "போற எடத்துல நல்லா இருப்ப" என்கிறான் அவன்.

அதே வார்த்தைகள். எனக்கு அப்போது உறைக்கவில்லை. மாமா கன்னத்தில் கைவைத்து, சரியாகக் கேமராவைப் பார்த்து, "ஐயோ பாவம்" என்றார். அம்மா அரிசியை மறந்து உட்கார்ந்திருந்தார். "பெத்தவன் அந்தப் பொண்ண ஒரு வார்த்தை கேக்க மாட்டானா?" என்றார், டிவியைப் பார்த்தபடியே. அவருக்கு உள்ளர்த்தம் வைத்துப் பேசத் தெரியாது.

அக்கா சமையலறை நிலைப்படியோரம் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண் டிவியிலேயே இருந்தது. கை மட்டும் நின்றுபோயிருந்தது. அப்பா டிவியைப் பார்க்கவில்லை. கட்டிய கையை அவிழ்த்து, கொஞ்சம் முன்னால் குனிந்து, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. உள்ளே குக்கர் விசிலடித்தது. அந்தச் சத்தத்துக்குள்ளே அப்பா சொன்னார்:

"கலை..."

அக்காவுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. மூன்று மாதமாகக் காத்திருந்த முகம் கிடைத்துவிட்டதே என்ற ஆவேசத்தில் நான் சொன்னேன்:

"அப்பா, கேமராவ பாத்து சொல்லுங்கப்பா."

ஓடும் பஸ்ஸிலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "டைம் ஆச்சு" என்று எழுந்து, ஆணியில் இருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு டியூட்டி கிடையாது.

அன்று சாயங்காலமே வீடியோவைப் போட்டேன். குக்கர் சத்தம் இடைஞ்சலாக இருந்ததால் அந்த இடத்தில் குரல்களையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு சோக வயலினைப் போட்டேன். முகப்புப் படத்தில் அப்பாவின் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அம்புக்குறி. 'அப்பா உடைந்த தருணம்.' இதையெல்லாம் செய்தது நான்தான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

அதுவரை வராத கூட்டம் வந்தது. அங்கிள் பாவம் என்றார்கள். எங்கப்பாவும் இப்படித்தான் என்றார்கள். அந்த மாமாவை யாராவது பிடித்துக் கட்டுங்கள் என்றார்கள். நடுவில் முகமில்லாத ஒருவர் எழுதியிருந்தார்: 'டைம் கீப்பர் அழாம என்னா செய்வாரு, பெரிய பொண்ணு கத பஸ் ஸ்டாண்டுக்கே தெரியுமே.' அதை அக்கா வீட்டுக்காரரின் தம்பி பார்த்து, வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டார்.

அக்கா போனில் கத்தவில்லை. "அழிச்சிடு" என்றாள். "அந்த கமெண்ட மட்டும் எடுத்துடுறேன்க்கா, வீடியோ நல்லா போவுது" என்றேன். "பாப்பா, நான் இங்க வாழணும்" என்றாள். அழித்தேன். வயலின் போடாத ஒரிஜினல் மட்டும் போனிலேயே கிடந்தது. இரண்டு நாள் அவள்மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் அப்பாவை எப்படியெல்லாம் கேலி செய்தார்கள் என்று மாமாதான் பிறகு சொன்னார். அதற்கப்புறம் அப்பா ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். ஹாலில் அவருடைய நாற்காலியில் துவைத்த துணிகள் குவிந்தன. நான் சேனலை விட்டேன். அடுத்த ஆடியில் நெஞ்சுவலி வந்து அப்பா போய்விட்டார். அக்கா பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"போர்டே போயிடுச்சும்மா. இதுல ஒண்ணும் எடுக்க முடியாது" என்றார் கடைக்காரர். ரப்பர் பேண்டை மட்டும் புதிதாக மாட்டிக் கொடுத்தார்.

வெளியே வந்து அக்காவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். பின்னால் அவள் மகன் பாடம் ஒப்பிக்கிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கு அப்பா என்னத்தான பாத்தாரு?" என்றாள்.

"ஒன்னத்தான்க்கா."

"வீடியோவுல வாய் அசைஞ்சிதே. பாட்ட போட்டு மூடிட்ட நீ. ஏதாச்சும் சொன்னாரா?"

பையனுக்காகக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. "சொல்ல வந்தாருக்கா. நான் நடுவுல பேசிட்டேன். கேமராவ பாத்து சொல்லுங்கன்னுட்டேன். எந்திரிச்சிப் போயிட்டாரு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"சொல்ல வந்தாருன்னா? வாயத் தொறந்தாரு இல்ல, என்னான்னு ஆரம்பிச்சாரு?"

"ஒம் பேர சொன்னாரு."

"கலைவாணின்னா?"

"இல்லக்கா. கலைன்னாரு."

அவள் போனை வைக்கவில்லை. மகன் அம்மா என்று இரண்டு தடவை கூப்பிட்டான். யாரோ உள்ளிருந்து வாணி என்றார்கள். "சரிடீ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து டிராயரில் போனைத் திரும்பப் போட்டேன். ஹாலில் இப்போது சுவரில் பெரிய டிவி, மாமாவே மாட்டிக்கொடுத்தது. அதை யாரும் சேர்ந்து பார்ப்பதில்லை. அம்மா தன் போனில் ஒரு சீரியல், நான் என் போனில் ஒன்று. அந்தப் பழைய டிவியை எடைக்குப் போட்டாயிற்று. ஞாயிறு பதினோரு மணிக்கு அந்த ஹாலில் இருந்த சத்தம் எதுவும் இன்று இல்லை.

அக்காவை நினைத்துக்கொண்டு ஒருதடவை, அவள் கேட்காத தூரத்தில்தானே இருக்கிறாள் என்று, கலை என்று சொல்லிப்பார்த்தேன். என் வாயில் அது அப்பா சொன்னதுபோல வரவில்லை. அவளை அப்படிக் கூப்பிட இப்போது யாருமில்லை.