கையெழுத்துத் தெரிந்த அக்கா

கல்வராயன் மலையிலிருந்து லாரியில் வந்து இறங்கும் மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவுவதுதான் எங்கள் வேலை. கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு ஜவ்வரிசி ஆலை, தங்குவதும் அங்கேயே. சேர்ந்த அன்றே ஒரு பத்திரத்தை நீட்டினார்கள். எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது, கேள்வி கேட்காமல் கைநாட்டு வைத்தோம். நான் எழுத்துக் கற்றுக்கொண்டது ரொம்பப் பிற்பாடு. அக்கா மட்டும் ஐந்தாவது வரை படித்தவள். வரி விடாமல் படித்துவிட்டு, முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டாள். மேஸ்திரியே பாராட்டினார். அவளைவிட எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. ரோடு நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். லாரி வரவில்லை. வேலையும் இல்லாமல் கூலியும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போது வடக்கனந்தலிலிருந்து அக்காவின் கொழுந்தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். மாமியாரிடம் அக்கா விட்டுவந்த கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, கண் செருகுகிறதாம்.

"கெளம்புக்கா, இன்னா யோசன பண்ணிக்கினு நிக்கிற?" என்றேன்.

"சீசன் முடியற வரிக்கும் போவமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்டி. மீறிப் போனா போலீசு கேசுன்னு போட்டிருக்கு. படிச்சுப் பாத்துதான கையெழுத்து போட்டேன்."

மேஸ்திரியிடம் போய்க் கேட்டாள். முதலாளி வரட்டும் என்றார் அவர். முதலாளி மறியலில் சேலத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீ போயி அவன ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடுடி" என்று என்னை அனுப்பினாள் அக்கா. ஆலை கேட்டுக்குப் பூட்டுகூடக் கிடையாது. பத்திரத்தில் என்ன இருந்தது என்று தெரியாத நான் பாட்டுக்குக் கொழுந்தனோடு நடந்தேன். போய்ச் சேர்ந்து தூக்கி மடியில் போட்டதும் குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது. முதலாளி வந்து உத்தரவு கொடுத்த பிறகுதான் அக்கா வந்தாள். அதற்குள் புதைத்திருந்தோம். அந்தப் பத்திரத்தை எழுதியவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

சில வருஷம் கழித்து ஆலைப் பெண்களைக் கூட்டி ஒரு வக்கீலம்மா பேசினார். வேலையை விட்டுப் போகக் கூடாது என்று யாரையும் கட்டிப்போட முடியாது, எழுதி வாங்கினாலும் சட்டப்படி செல்லாது, போலீசுக்கும் அதில் வேலை இல்லை என்றார்.

அக்கா எழுந்தாள். "மறியல் நடந்தப்பவும் செல்லாதுங்களா?"

"எப்பவுமே செல்லாதும்மா."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். நான்தான் அழுதேன்.

கடைசியில் ஆலைகளின் மேல் கொடுக்க ஒரு மனு சுற்றி வந்தது. அக்காவிடம் வந்ததும், "கையெழுத்துப் போடத் தெரியுமாம்மா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"தெரியாதுங்க" என்று அக்கா கட்டைவிரலை நீட்டினாள்.