மருதாயியின் படம்

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகு தள்ளுகிற வேலை மொக்கச்சாமிக்கு. ஆனால் அவரைத் தேடி ராசிங்காபுரத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் வந்தவர்கள் எல்லாம் இழவு விழுந்த வீட்டார்தான். அறுபது எழுபதுகளில் அந்தப் பக்கம் போட்டோ எடுத்து வைத்தவர்கள் எத்தனை பேர்? "மூக்கு எடுப்பா, சப்பையா? மச்சம் எந்தப் பக்கம்?" என்று துருவித் துருவிக் கேட்டு, பன்னிரண்டு கலர் பென்சிலில் செத்தவர் முகத்தைக் கொண்டுவந்துவிடுவார். அழுத்தித் தேய்த்தால் தாள் மினுமினுத்துப்போய், மேலே வேறு நிறம் பிடிக்காது. அதனால் மஞ்சள், ஆரஞ்சு, காப்பிக்கலர் என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் பட்டும் படாமலும் இழுப்பார்.

பென்சில் சீவித் தருவது மனைவி மருதாயி. எதிரே உட்கார்ந்து, அரை பிளேடால் முனை ஒடியாமல் சீவுவதில் அவளை அடிக்க ஆளில்லை.

"ஊரான் வீட்டுப் பொணத்தையெல்லாம் வரையிறீக. என்னைய ஒருக்கா வரைஞ்சா என்னவாம்?" என்பாள்.

"போ புள்ள. இந்தப் பென்சிலு பட்டதெல்லாம் செத்த முகம். உசுரோட இருக்கவள வரையச் சொல்றியே, கூறு இருக்கா?"

பயம்தான். அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், கேட்கும்போதெல்லாம் எரிந்து விழுந்தார். நாலைந்து வருஷத்தில் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

எண்பத்து மூன்றில் விஷக்காய்ச்சல் கண்டு, பத்தே நாளில் மருதாயி போய்ச் சேர்ந்தாள்.

முப்பதாம் நாள் சாமி கும்பிடப் படம் வேண்டும் என்றாள் மகள் பொன்னுமணி. மொக்கச்சாமி தாளை விரித்தார். பென்சில் ஓடவில்லை. ஊரில் செத்தவர்கள் முகமெல்லாம் மனப்பாடம். இருபது வருஷம் எதிரே இருந்தவளை ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்தாரா, பாவி மனுஷன்? அவர் கண் தாளில், அவள் கண் பிளேடில்.

"ஆத்தாளுக்கு மச்சம் எந்தப் பக்கம் தாயி?" என்று கேட்டேவிட்டார்.

"ஒங்களுக்குத் தெரியாதாப்பா?"

மகள் பார்த்த பார்வையில் அவருக்கு உடம்பு கூசியது. தெரிந்ததை மட்டும் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தார். நடு வகிடு, அதில் ஓடிய ரெண்டு நரை, பிளேடு பிடித்த விரல்கள், மடியில் கலர் கலராய்ப் பென்சில் சீவல்.

படத்தை வாங்கிப் பார்த்த பொன்னுமணி, "முகம் எங்கப்பா?" என்றாள்.

"குனிஞ்சிருக்கா தாயி. நான் பாத்தது அம்புட்டுத்தான்."