பட்டியலில் இல்லாத ஃபைல்

மூத்த மருமகளுக்கு அந்த வீட்டில் சல்லடை என்று பெயர். வைத்தவர் அவள் கணவர்தான். மருந்துச் சீட்டோ வாடகை ஒப்பந்தமோ, எதைக் கொடுத்தாலும் பொடி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். படித்த பிறகும் நம்பமாட்டாள். "என்னைக் கட்டிக்கச் சரின்னு சொல்றதுக்கே எட்டு மாசம் விசாரிச்சா" என்று அவர் சொல்லிச் சிரித்தால், "ஒன்பது" என்று திருத்துவாள்.

அவளும் ஓரகத்தியும், அதாவது கொழுந்தனின் மனைவியும், மாடி அறையில் உட்கார்ந்து ஆறு வருடமாக ஒரு கேம் எஞ்சினைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுக்குள் பந்து உருளவும், ஓடுகிறவன் சுவரில் முட்டி நிற்கவும், பின்னாலிருந்து வேலை பார்க்கும் மென்பொருள் அது. எல்லாவற்றையும் யாரும் தாங்களே எழுதுவதில்லை. ஒலிக்கு ஒன்று, படங்களைத் திறக்க ஒன்று என்று பிறர் எழுதி வெளியிட்டதை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றித் தங்களுடையதைக் கட்டினார்கள். எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமம் உண்டு. சிலர் தங்கள் பெயரைப் போட்டால் போதும் என்பார்கள். சிலரோ, என்னுடையதைக் கலந்து விற்றால் உன் நிரலையும் வாங்குகிறவருக்கு முழுக்கத் திறந்து கொடு, அவர் அதை யாருக்கு வேண்டுமானாலும் தரட்டும் என்பார்கள். இந்த இரண்டாவது வகையைச் சல்லடை வாசற்படி ஏறவிட்டதில்லை. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பெரிய நிறுவனம் எஞ்சினை விலைக்குக் கேட்டது. வெளியிலிருந்து எடுத்த எல்லாவற்றுக்கும் பட்டியல் வேண்டும், இதைத் தவிர வேறில்லை என்று இருவரும் கையெழுத்திட வேண்டும் என்றார் நிறுவனத்தின் வக்கீலம்மா. இரண்டாவது வகை ஒன்று உள்ளே இருந்தாலும் ஆறு வருட உழைப்பு படுத்துவிடும்.

பட்டியலில் பத்தொன்பது இருந்தன. அதில் சேராத ஒரு ஃபைல் அவள் கண்ணை உறுத்தியது. இரண்டு பொருள்கள் எப்போது மோதுகின்றன என்று கணக்கிடும் பகுதி அது. அவர்கள் இருவரும் எழுதக்கூடியதைவிடச் சுத்தமாக இருந்தது. நாலு வரியை எடுத்து இணையத்தில் தேடினாள். அப்படியே வந்து நின்றது, இரண்டாவது வகை உரிமத்தோடு. இவர்களுடைய ஃபைலில் அந்த உரிமக் குறிப்பை மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள்.

எந்த வரியை யார் சேர்த்தது என்று காட்டும் மாற்றப் பதிவைத் திறந்தாள். வரிக்கு வரி ஓரகத்தியின் பெயர்.

"இது நீ எழுதினதா?"

இளையவள் திரை ஓரத்தில் இருந்த பெயரை மட்டும் எட்டிப் பார்த்தாள். "ஞாபகம் இல்லைக்கா. என் பேருதான் போட்டிருக்கு."

"பேரைத்தான் நானும் பாக்குறேன். எங்கேருந்து எடுத்த?"

"நான் எதுவும் எடுக்கலை."

ஞாபகம் இல்லாதவளுக்கு எடுக்கவில்லை என்பது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது என்று சல்லடைக்குத் தோன்றியது. போன மாதம் ஓரகத்தி மாடியிலிருந்து சீக்கிரம் இறங்கிப்போன நாட்கள், கதவைச் சாத்திக்கொண்டு பேசிய போன் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அன்றே ஓரகத்தி நிரலில் கைவைக்க முடியாதபடி அவளுடைய அனுமதியை நீக்கினாள். 'என் கூட்டாளி எனக்குத் தெரியாமல் சேர்த்திருக்கிறார்' என்று வக்கீலம்மாவுக்குக் கடிதமும் அனுப்பினாள். நகல் இளையவளுக்கும் போனது. அவள் வாய் திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு பேசாது என்று சல்லடை முடிவுகட்டினாள்.

வக்கீலம்மா முதல் நாளிலிருந்து உள்ள பதிவுகளைக் கேட்டார். சல்லடை பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்துச் சொருகினாள். மோதல் ஃபைல் அதிலும் இருந்தது, அவள் தனியாகத் தொடங்கியபோதே, ஓரகத்தி வந்து சேருவதற்கு ஐந்து மாதம் முன்பு. சேர்த்தவர் பெயராகச் சல்லடையின் பெயரே இருந்தது. கீழே இவளே எழுதிய குறிப்பு: 'தற்காலிகம். பிறகு மாற்ற வேண்டும்.'

அப்போது அவளுக்கு உரிமம் என்றால் என்னவென்றே தெரியாது. மேலே இருந்த உரிமக் குறிப்பை யாரோ விளம்பரம் எழுதியிருக்கிறார்கள் என்று வெட்டியிருப்பாள். பிறகு புது சர்வருக்கு மாறும்போது, பழைய பதிவெல்லாம் குப்பை, ஃபைல்களை மட்டும் ஏற்று என்று ஓரகத்தியிடம் சொன்னதும் இவள்தான். ஏற்றியவள் பெயர் எல்லா வரியிலும் ஏறிக்கொண்டது. தானே எழுதிய பக்கத்து ஃபைல் ஒன்றைத் திறந்திருந்தாலே, அதிலும் ஓரகத்தியின் பெயர்தான் என்று தெரிந்திருக்கும். ஊரையே சலிக்கிறவள் அதைச் செய்யவில்லை.

உண்மையை எழுதி அனுப்பினாள். வக்கீலம்மாவின் பதில் இரண்டே வரி: ஒரு மாதத்துக்குள் அந்தப் பகுதியைப் புதிதாக எழுதித் தரலாம். ஆனால் எழுதுகிறவர் அந்த மூல நிரலைப் படித்திருக்கக் கூடாது, படித்திருந்தால் புதியதும் நகலாகவே எண்ணப்படும். சல்லடையோ அதை வரி விடாமல் படித்துத் தீர்த்திருந்தாள். நிரல் எழுதத் தெரிந்தும் அதைப் படிக்காதவள் வீட்டில் ஒருத்திதான்.

சமையலறையில் இளையவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்மேலதான். அந்தம்மாவுக்கும் எழுதிட்டேன்" என்றாள் சல்லடை. "நீ எழுதித் தந்தாத்தான் உண்டு."

இளையவள் குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதித் தர்றேன்க்கா. அனுமதியெல்லாம் திருப்பித் தர வேண்டாம். நான் காகிதத்துல எழுதித் தர்றேன், நீங்களே ஏத்துங்க. ஒரு வரிகூட என் பேர்ல இருக்கக் கூடாது."