நோலீன் வருஷாவருஷம் விட்ட வேலை

நோலீன் பாஸ்கோவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது மிர்ரபில்லாவில் ஆடுமாடுகளுக்குக்கூடத் தெரியும். அதிலும் ஜூன் மாதம் குதிரைப் பந்தயம் நடக்கும் சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் ஊரின் ஒரே பப்பில் வந்து விழுவார்கள். சமையலறையில் அவள் ஒருத்திதான். மத்தியானத்துக்குள் யாராவது ஏதாவது சொல்லித் தொலைப்பார்கள். ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிடுவாள்.

"யோவ் டெஸ், நீயே வறு, நீயே தின்னு. நான் வேலைய விட்டாச்சு!"

பப் முதலாளி டெஸ் ஹானிகனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. "போ, போ! திரும்பி வந்தா இந்தக் கதவு திறக்காது!" என்று பின்வாசலில் நின்று கத்துவான்.

பத்து நாள் போனால் அவள் வருவாள், கதவும் திறக்கும். டெஸ் சாக்பீஸை எடுத்து, பாரில் தொங்கும் கரும்பலகையில், 'புது சமையல்காரி சேர்ந்திருக்கிறார், வரவேற்போம்' என்று எழுதி, ஒரு கிளாஸ் ரம் ஊற்றி அவள் முன்னால் வைப்பான். பார் முழுக்கக் கைதட்டும். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணியைப் பார்த்து, "புதுப் பொண்ணே, சம்பளமெல்லாம் ஒழுங்கா பேசிட்டியா?" என்று கிண்டல் செய்வார்கள். இப்படியே பதின்மூன்று வருஷம் ஓடிவிட்டது. வேடிக்கைக்கு எழுதியதை ஊரே சட்டமாக எடுத்துக்கொண்டது. அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அசட்டு ஜனங்கள், வேறென்ன சொல்ல?

இந்தக் கோபம் சமையலறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நாலு வருஷம் முன்னால் பெர்த்தில் இருக்கும் மகள் டீகனைப் பார்க்கப் போனவள், மருமகன் சொன்ன ஒரு வார்த்தைக்காக மூன்றாம் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் கிறிஸ்துமஸ் அன்று மட்டும் போனில் பேசிக்கொண்டார்கள். அதுவும் வெயிலைப் பற்றித்தான்.

இந்த வருஷம் ஏப்ரலில் டீகனே கூப்பிட்டாள். "அம்மா, ரெட்டைக் குழந்தைங்க. ஜூன்ல பொறக்கும். எழுந்து நடமாடவே கூடாதுங்கிறாங்க. ரெண்டு மாசம் வந்து இருக்கியா?" என்று கேட்டுவிட்டு, "முடியலேன்னா பரவால்ல" என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்தக் கடைசி வார்த்தைதான் நோலீனைக் குத்தியது. போகாவிட்டால் மகள் இனி எதையும் கேட்கமாட்டாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. போனாலோ, திரும்பி வரும்போது வேலை இருக்குமா? சம்பளம் இல்லாமல் இரண்டு மாதம் தள்ளுவதற்குக் கையில் என்ன இருக்கிறது?

மறுநாள் டெஸ்ஸின் மனைவி கிளெனிஸிடம் போனாள். பப்பில் சம்பளம் போடுவது கிளெனிஸ்தான்.

"கிளெனிஸ், நான் வேலைய விட்டுடறேன்."

கத்தவில்லை, ஏப்ரன் பறக்கவில்லை. கிளெனிஸுக்குப் பகீரென்றது. உட்கார வைத்து விஷயத்தை வாங்கினாள்.

"அடிப்பாவி, இதுக்கா விடறே? வருஷக்கணக்கா வேலை பார்த்தவங்களுக்குச் சம்பளத்தோட குடுக்கிற லாங் சர்வீஸ் லீவு இருக்கே, அதை எடுத்துக்கோயேன்."

"எனக்கா? போர்டைப் படிச்சதில்லியா நீ? நான் சேர்ந்து பத்து மாசம்தான் ஆகுது."

கிளெனிஸுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் விடவில்லை. மறுநாளே அரசாங்க அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கே பேசிய பையன் கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தானாம். பிறகு, வேலையை விட்டவர் மூன்று மாதத்துக்குள் அதே முதலாளியிடம் திரும்பிச் சேர்ந்துவிட்டால் பணி அறுந்ததாக ஆகாது, அப்படி அறுபடாமல் பத்து வருஷம் தாண்டியிருந்தால் எட்டு வாரத்துக்கு மேலேயே சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்றான்.

"நீ பதின்மூணு வருஷமா ஒரே வேலைலதான்டி இருக்கே!" என்று கிளெனிஸ் அவளைக் கட்டிக்கொண்டாள்.

நோலீனின் முகம் மலர்ந்து, அப்படியே வாடியது. "அப்போ நான் போவன் ஊருக்குப் போனது?" என்றாள்.

எட்டு வருஷம் முன்னால் நடந்தது அது. பந்தயக் கூட்டத்தின் நடுவில் டெஸ், நோலீனின் கிரேவி பாக்கெட் மாவில் செய்தது என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தான். எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டுச் செய்பவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அன்று கதவைச் சாத்தியவள் நேரே கடற்கரைப் பக்கம் போவன் ஊருக்குப் போய்த் தக்காளி அடுக்கும் வேலையில் சேர்ந்துவிட்டாள். பத்து நாளில் வரவில்லை, மாதக்கணக்கில் வரவில்லை. மூன்று மாதம் தாண்டியிருந்தால் அதற்கு முந்தைய வருஷமெல்லாம் போச்சு. மிச்சம் பத்து வருஷம் தேறாது.

அந்த வருஷத்துச் சம்பளச் சீட்டுகளை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. கிளெனிஸ் அப்போது தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று டூவூம்பா ஊரில் இருந்தாள். நோலீன் எப்போது திரும்பி வந்தாள் என்று டெஸ்ஸைக் கேட்டார்கள்.

"அக்டோபர். ஃபுட்பால் ஃபைனல் அன்னிக்கு. நானே என் கையால போர்டுல எழுதினேன்" என்றான். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினான். இந்த வருஷப் பந்தயத்தன்று சமையல்காரி இருக்கமாட்டாள் என்ற கிலியும் கொஞ்சம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

"நான் வந்த அன்னிக்கு அடுப்பு பத்தி எரிஞ்சுதே டெஸ்?" என்றாள் நோலீன்.

"அதுவும் ஃபைனல் சமயந்தான்."

அவளுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும்தான் நினைவிருந்தது. எல்லா ஞாயிறும் அவளுக்கு ஒரே ஆட்டு ரோஸ்ட்தான். பாரின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள், வைத்தாள். மகளிடம் என்னவென்று சொல்வது?

அப்போது பக்கத்து ஸ்டூலிலிருந்து மெக்கின்னி செருமினான். ஊர்த் தீயணைப்புப் படையின் தலைவன் அவன். சம்பளம் கிடையாது, தொண்டுதான். ஆடு வளர்ப்பது பிழைப்பு.

"டெஸ், உன் தலைல மூளை இருக்கா, பீர் இருக்கா? அடுப்பு எரிஞ்சது தந்தையர் தினம்யா."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன். என் படையில எல்லாரும் அப்பனுங்க. எல்லாரும் குடும்பத்தோட இங்கேதான் உக்காந்திருந்தோம், நீ சமைக்கிறேன்னு பீத்திக்கிட்டியேன்னு. புகை வந்ததும் கழுத்துல நாப்கினோட வண்டிய எடுக்க ஓடினோம். பொண்ணு வாங்கிக் குடுத்த புதுச் சட்டை அன்னிக்கே நாசம். அதைப் போய் மறப்பேனா?"

பின்னாலிருந்து ஒருவர், "என் பையன் அழுதான்யா, அப்பாவுக்கு ரோஸ்ட் இல்லேன்னு" என்றார். இன்னொருவர், "அந்தப் புகைக்குள்ளதானே இவ பின்வாசல் வழியா வந்து, டெஸ்ஸைத் தள்ளிட்டு ஏப்ரனைக் கட்டினா!" என்றார்.

அந்த நாட்டில் தந்தையர் தினம் வருவது செப்டம்பர் முதல் ஞாயிறு. ஜூன் பந்தயத்திலிருந்து எண்ணிப் பார்த்தால் மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் குறைவு. நோலீனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"அப்போ போர்டு?" என்றாள் கிளெனிஸ், புருஷனைப் பார்த்து.

டெஸ் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த மேஜையைத் துடைத்தான். "ஒரு மாசம் நான் இவகூடப் பேசல. ஃபைனல்ல நம்ம டீம் ஜெயிச்ச சந்தோஷத்துலதான் எழுதினேன்." கொஞ்சம் பொறுத்து, "கிரேவி பத்தி சொன்னது தப்புதான்" என்றான், யார் காதிலும் விழக்கூடாது என்பதுபோல. எல்லார் காதிலும் விழுந்தது.

பிறகு திடீரென்று அலறினான். "ஐயோ, அப்போ பந்தயத்தன்னிக்கு நானா சமைக்கணும்?"

"கவலைப்படாதே, வண்டிய வாசல்லயே நிறுத்திக்கறோம்" என்றான் மெக்கின்னி.

நோலீன் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு வெளியே போய் மகளைக் கூப்பிட்டாள்.

"வரேன்டி. ரெண்டு மாசம், சம்பளத்தோட."

"நிஜமாவா?" என்றாள் டீகன். "மூணாம் நாளே கோச்சுக்கிட்டு கிளம்பிட மாட்டியே?"

பழைய நோலீனாக இருந்தால் அந்த ஒரு கேள்விக்கே போனை வைத்திருப்பாள்.

"கிளம்பினாலும் கிளம்புவேன். ஆனா கதவைப் பூட்டிடாதே. திரும்பி வந்துட்டா விட்டதா ஆகாதாம், சட்டமே சொல்லுது."